ஈஸ்னோபில் 11 சதவீதம் என்று ரிப்போர்ட்: அலர்ஜியைக் கிளப்பிவிடுவது எந்த செல்?

வேளச்சேரி அம்மா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு ஒன்பது வயது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீர், கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் ஸ்கூலுக்குப் போகிறான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் ராத்திரியில் இழைப்பும் சேர்ந்துகொள்கிறது. ரத்தப் பரிசோதனை எடுத்தோம். மொத்த வெள்ளை அணுக்கள் 8,200, அதில் ஈஸ்னோபில் 11 சதவீதம் என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. ஐஜிஈ என்ற எதிர்பொருளின் அளவும் அதிகம். மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக் கடைக்காரர் எல்லோரும் ஒரே குரலில் "ஈஸ்னோபீலியா, ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்" என்கிறார்கள்.

இன்னொன்று, இறால் வறுவல் சாப்பிட்டால் உதடு லேசாக வீங்கி, வாய்க்குள் அரிக்கிறது என்கிறான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? ஈஸ்னோபிலைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? டாக்டரிடம் போகத்தான் போகிறோம். அதற்குள் விஷயம் கொஞ்சம் பிடிபட்டால் அங்கே கேள்வி கேட்கத் தெம்பாக இருக்கும்.

காசிமேட்டுக்காரன்

அக்கா, எங்க ஏரியாவில் இது சர்வசாதாரணம். எங்கப்பாவுக்கு ராத்திரியானால் இருமல் பின்னி எடுக்கும். டாக்டர் பேனோசைட் எழுதிக் கொடுத்தார், கோர்ஸ் முடிவதற்குள் இருமல் ஓடிப்போச்சு. அவருக்கும் ஈஸ்னோபில்தான் ஜாஸ்தி. பையனுக்கும் அதையே கொடுங்க.

ஸ்லைடு ராணி

அண்ணா, கொஞ்சம் பொறுங்க. நான் அம்பத்தூர் பக்கம் ஒரு லேபில் டெக்னீஷியன். சதவீதத்தைப் பார்த்து யாரும் முடிவு கட்டக்கூடாது. 8,200இல் 11 சதவீதம் என்றால் ஒரு மைக்ரோலிட்டருக்கு சுமார் 900 ஈஸ்னோபில். 500 வரை சாதாரணம் என்று வைத்துக்கொள்வார்கள். ஆக, கூடுதல்தான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு வந்தது வேறு கதையாக இருக்க நிறைய வாய்ப்பு. யானைக்கால் புழுவுக்கு எதிராக உடம்பு எகிறிக் குதிப்பதால் வரும் நுரையீரல் ஈஸ்னோபீலியா அது. அதில் எண்ணிக்கை 3,000ஐத் தாண்டும், ராத்திரி இருமல், லேசான காய்ச்சல், எடை குறைவு எல்லாம் இருக்கும். பேனோசைட் அந்தப் புழுவுக்கான மருந்து. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் இந்த நோயைப் பற்றி அந்தக் காலத்திலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம் ஊரில் அது அவ்வளவு பழக்கப்பட்ட நோய் என்பதால்தான், ஈஸ்னோபில் என்ற பேரைக் கேட்டதும் பேனோசைட் ஞாபகம் வருகிறது.

ஸ்லைடில் ஈஸ்னோபில் தனி அழகு. லீஷ்மன் சாயம் ஏற்றி, எண்ணெய்ச் சொட்டு விட்டு 100 மடங்கு லென்ஸைத் திருப்பினால் இரண்டு மடலாக உட்கரு, அதைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் மணிமணியாகத் துகள்கள். புதிதாக வேலைக்கு வந்த பொண்ணுகூட அதை எண்ணிவிடும். சுலபமாக எண்ண முடிவதால்தான் ரிப்போர்ட்டில் அதற்கு இவ்வளவு மரியாதை என்பது என் கருத்து. பாசோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவைத் தேடினால் நூறு வெள்ளை அணுவில் ஒன்று கிடைத்தாலே அதிகம். மாஸ்ட் செல் என்று ஒன்று இருக்கிறதே, அதை ரத்த ஸ்லைடில் பார்க்கவே முடியாது. இத்தனைக்கும் அலர்ஜியில் முதல் அடி அடிப்பது அதுதான்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்னோபில் காலையில் குறைந்திருக்கும், இரவில் கூடும். ஸ்டீராய்டு சிரப் குடித்தால் சில மணி நேரத்திலேயே சரிந்துவிடும். 11 ஆக இருந்தது 5 ஆனதும் நோயே போய்விட்டது என்று சந்தோஷமாக ரிப்போர்ட் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூக்கடைப்பு முனுசாமி

ரத்தத்தில் இல்லையென்றால் அந்த மாஸ்ட் செல் எங்கேதான் குடியிருக்கிறது? வாடகை வீடா, சொந்த வீடா?

நுண்ணோக்கி நந்தினி

சொந்த வீடுதான் சார். (எம்.டி. படித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் மாணவிதான்.) எலும்பு மஜ்ஜையில் பிறந்து, பிஞ்சாகவே ரத்தத்தில் பயணம் செய்து, தோல், மூக்கு, மூச்சுக்குழாய், குடல் என்று வெளியுலகம் வந்து தொடும் இடங்களில் ரத்தக் குழாய்களை ஒட்டிப் போய் உட்கார்ந்துவிடும். அங்கேதான் முதிரும், மாதக்கணக்கில் அங்கேயேதான் இருக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஹிஸ்டமின் நிறைந்த பைகள்.

வேளச்சேரி அம்மாவின் பையனையே எடுத்துக்கொள்வோம். காலைத் தும்மல் என்றதும் முதல் சந்தேகம் மெத்தைமேல்தான். தூசிப் பூச்சி என்று ஒரு ஜீவன், எட்டுக் கால், கால் மில்லிமீட்டர்தான் நீளம். நம் மேலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழும், அதனால் சென்னையின் புழுக்கம் அதற்குச் சொர்க்கம். பிரச்சினை பூச்சியைவிட அதன் எச்சத்தில்தான். அதிலுள்ள ஒரு நொதி, மூக்கின் உட்படலத்தில் செல்களை இறுக்கிக் கட்டியிருக்கும் புரதங்களையே வெட்டும். சேதப்பட்ட படலம் அபாயக் குரல் கொடுக்கும். பக்கத்தில் காவலிருக்கும் டென்ட்ரிடிக் செல், அந்தப் பூச்சிப் புரதத்தை விழுங்கி, துண்டு போட்டு, நிணநீர் முடிச்சுக்குத் தூக்கிப் போய், எதிர்ப்பை முடிவு செய்யும் வெள்ளை அணுவான டி செல்லிடம் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு அங்கே "இதனால் ஆபத்தில்லை" என்று விஷயம் முடிந்துவிடும். சிலருக்கு அந்த டி செல் டிஎச்2 என்ற வகையாக மாறும். வம்பு தொடங்குவது இந்த இடத்தில்தான்.

டிஎச்2 செல் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற ரசாயனங்களை வெளிவிட, அதைக் கேட்டு, எதிர்பொருள் தயாரிக்கும் வெள்ளை அணுவான பி செல் ஐஜிஈயைத் தயாரிக்க ஆரம்பிக்கும். ரத்தத்தில் ஐஜிஈயில் பாதி இரண்டு மூன்று நாளிலேயே அழிந்துவிடும். மாஸ்ட் செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் இருக்கும். இதுவரை பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்காது. "போன வருஷம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்" என்று அம்மாக்கள் சொல்வது உண்மைதான்.

அடுத்த முறை அதே புரதம் உள்ளே வரும்போது, பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு ஐஜிஈயைச் சேர்த்துப் பிடிக்கும். அவ்வளவுதான், மாஸ்ட் செல் சில நிமிடங்களில் பைகளை வெளியே கொட்டிவிடும். ஹிஸ்டமின் நரம்பைத் தொட்டால் அரிப்பும் தும்மலும். ரத்தக் குழாயைத் தொட்டால் அது தளர்ந்து நீர் கசியும், அதுதான் வீக்கமும் மூக்கொழுகலும். பை காலியானாலும் செல் சும்மா இருக்காது, லூக்கோட்ரியீன், புரோஸ்டாகிளாண்டின் என்று புதிதாகத் தயாரித்தும் அனுப்பும். மூச்சுக்குழாயை இறுக்கிப் பிடிப்பதில் ஹிஸ்டமினைவிட லூக்கோட்ரியீன் பொல்லாதது.

ஈஸ்னோபில் வருவது இதற்கெல்லாம் பிறகு, நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து, இன்டர்லூகின்-5 கூப்பிட்டதால். வந்து தன் துகள்களிலுள்ள நச்சுப் புரதங்களைக் கொட்டி உட்படலத்தைப் புண்ணாக்கும். அதனால் அதுவும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழி முழுவதையும் அதன்மேல் போடுவது, கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று பரிமாறுகிற பையனைத் திட்டுவது மாதிரி.

காசிமேட்டுக்காரன்

அப்போ அந்தப் பையனையே பந்தியை விட்டு வெளியே அனுப்பிட்டா?

நுண்ணோக்கி நந்தினி

நல்ல கேள்வி அண்ணா, அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். இன்டர்லூகின்-5ஐத் தடுக்கும் ஊசியைப் போட்டு, லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் 2000ஆம் ஆண்டு வாக்கில் சோதித்தார்கள். ரத்தத்திலும் சளியிலும் ஈஸ்னோபில் சரசரவென்று குறைந்தது. அலர்ஜிப் பொருளை மூச்சில் இழுக்க வைத்தபோது மூச்சுக்குழாய் முன்போலவே சுருங்கியது! மருந்து தோற்றுவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். பிறகு 2009இல், ஸ்டீராய்டுக்கும் அடங்காமல் சளியில் ஈஸ்னோபில் குவிந்து கிடந்த கடும் ஆஸ்துமாக்காரர்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதித்தபோது, அவர்களுக்கு அடிக்கடி மூச்சுத்திணறல் முற்றுவது நன்றாகக் குறைந்தது. மெபோலிசுமாப் என்ற பெயரில் 2015இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. ஆக, ஈஸ்னோபில் முக்கியமா என்றால், யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். காலைத் தும்மலுக்கு அது முதல் குற்றவாளி இல்லை.

அண்ணாநகர் வாத்தியார்

பணி ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியன். ஐஜிஈ கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1921இல் பிராஸ்னிட்ஸ், கியூஸ்ட்னர் என்று இரண்டு ஜெர்மன் டாக்டர்கள். கியூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்திலிருந்து சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் தெளிநீரை) பிரித்து பிராஸ்னிட்ஸ் தன் தோலிலேயே ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும், மீனை நன்றாகச் சாப்பிட்டுப் பழகிய அவருடைய தோல் தடித்துச் சிவந்து அரித்தது. சீரத்தில் ஏதோ ஒன்று அலர்ஜியைச் சுமந்துகொண்டு போகிறது என்று புரிந்தது. அது என்ன என்று பிடிபட 45 ஆண்டு ஆயிற்று. 1966-67 வாக்கில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், அவர்களுக்குத் தொடர்பே இல்லாமல் சுவீடனின் உப்சாலாவில் ஒரு குழுவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1968இல் ஐஜிஈ என்று பெயர் வைத்தார்கள்.

கவனிக்க வேண்டியது, ஊசி போட்ட அந்த ஒரு இடம்தான் தடித்தது. கியூஸ்ட்னரின் ஐஜிஈ, பிராஸ்னிட்ஸின் தோலிலிருந்த மாஸ்ட் செல்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் ஒட்டிக்கொண்டது. நந்தினி சொன்ன "சொந்த வீடு" அன்றைக்கே கண்முன் நிரூபணம் ஆகிவிட்டது.

வேளச்சேரி அம்மா

படிக்கப் படிக்கத் தெளிவாகிறது, நன்றி. எங்கள் வீட்டில் இன்னும் இலவம்பஞ்சு மெத்தைதான். மழை பெய்தால் சுவரில் பூஞ்சை வேறு. அப்புறம் அந்த இறால்?

நுண்ணோக்கி நந்தினி

மெத்தை, தலையணைக்குப் பூச்சி புகாத நெருக்கமான உறை போடுங்கள். விரிப்பைச் சுமார் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெயிலில் உலர்த்துவதும் நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே சேர்ந்த எச்சப் புரதம் வெயிலுக்குப் போகாது.

இறாலுக்கு வருவோம். அதன் தசையில் ட்ரோபோமையோசின் என்ற புரதம் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே உருவத்தில் தூசிப் பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் அதே புரதம் உண்டு. பூச்சிக்கு எதிராக உருவான ஐஜிஈ, சில பேருக்கு இறாலிலும் போய்ப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பையனுக்கு அதுதானா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்தப் புரதம் சூட்டுக்கு அசையாது. வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் அப்படியே இருக்கும். சென்னாக்குன்னி, நண்டு எல்லாவற்றிலும் உண்டு. மீனில் பொதுவாக அலர்ஜி தருவது பார்வால்புமின் என்ற வேறு புரதம், அதனால் இறால் ஆகாது என்பதற்காக வஞ்சிரத்தையும் நிறுத்த வேண்டும் என்று இல்லை.

டாக்டர் பார்க்கும்வரை இறால் வேண்டாம். உதட்டு வீக்கம், அதோடு இழைப்பும் உள்ள பிள்ளை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். உடம்பெங்கும் உள்ள மாஸ்ட் செல்கள் ஒரே நேரத்தில் வெடித்தால் ரத்த அழுத்தம் விழும், தொண்டை அடைக்கும். அதற்கு அவில், செட்ரிசின் போதாது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் ஊசிதான் மருந்து. குரல் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்துத் துவண்டாலோ 108ஐக் கூப்பிடுங்கள். "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று உட்காராதீர்கள்.

மட்டுறுத்துநர்

மருந்துகளின் அளவைக் குறிப்பிட்ட ஒரு பதிவு நீக்கப்பட்டது. டோஸ் எழுத வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

காசிமேட்டுக்காரன்

எனக்கொரு சந்தேகம். ஒரு தடவை வெயிலில் கிடந்த கானாங்கெளுத்தியை விலை மலிவு என்று வாங்கிவந்து குழம்பு வைத்தோம். சாப்பிட்ட எல்லோருக்கும் முகம் குங்குமமாகச் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. குடும்பத்துக்கே ஒரே நாளில் அலர்ஜி வருமா?

ஸ்லைடு ராணி

அது அலர்ஜியே இல்லை அண்ணா! கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரி மீன்களில் ஹிஸ்டிடின் அதிகம். ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. உங்கள் மாஸ்ட் செல்கள் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கும், ஹிஸ்டமின் மீனிலிருந்தே நேராக வந்துவிட்டது. ஒரே சட்டியில் சாப்பிட்ட எல்லோருக்கும் வந்தது என்பதே பெரிய துப்பு.

தி.நகர் தாத்தா

நாங்கள் சின்ன வயசில் கத்திரிக்காய், கருவாடு, சோளம் எல்லாம் கரப்பான் பண்டம் என்று சொறி சிரங்கு உள்ளவனுக்குக் கொடுக்கமாட்டோம். இந்த மாஸ்ட் செல் எல்லாம் தெரியாமலே பெரியவர்கள் சொல்லிவைத்தார்களே? என் மருமகளுக்குக் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறது. அதுவும் இதே கதைதானா?

நுண்ணோக்கி நந்தினி

தாத்தா, கத்திரிக்காய்க்கு எதிராக ஐஜிஈ உள்ளவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அதற்காகத் தோல் வியாதி உள்ள எல்லோருக்கும் கத்திரிக்காயை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகளின் தட்டிலிருந்து பத்து பதார்த்தத்தை எடுத்துவிட்டு, கடைசியில் எடை குறைந்து கூட்டிவருகிறார்கள்.

கவரிங் தோடு வேறு கதை. அதில் ஐஜிஈக்கும் மாஸ்ட் செல்லுக்கும் முக்கிய வேஷம் இல்லை. வியர்வையில் கரைந்து வரும் நிக்கல், தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, அதை அடையாளம் வைத்திருக்கும் டி செல்களே நேரடியாக வந்து இறங்கும். அதனால்தான் போட்ட உடனே ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துப் புண்ணாகும். தலைக்குச் சாயம் அடித்து நெற்றி வீங்குவதும், பார்த்தீனியம் செடியைப் பிடுங்கியவர்களுக்கு முகம், கழுத்து தடிப்பதும் இந்த வகை. இதற்கு முதுகில் பேட்ச் ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். செட்ரிசின் போட்டும் கேட்கவில்லை என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மூக்கடைப்பு முனுசாமி

எனக்குத் திடீர் திடீரென்று காணாக்கடி வரும். எந்தச் சாப்பாடு என்று கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று பாதி சாப்பாட்டை விட்டாச்சு.

நுண்ணோக்கி நந்தினி

ஆறு வாரத்துக்கு மேல் அடிக்கடி வந்து போனால் பெரும்பாலும் சாப்பாடு காரணமாக இருக்காது சார். பலருக்கு, தன் உடம்பே மாஸ்ட் செல்லின் ஏற்பிக்கு எதிராக எதிர்பொருள் தயாரித்துக் கிளப்பிவிடுகிறது. விட்ட பதார்த்தங்களை டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பப் பிடியுங்கள்.

பள்ளிக்கரணை பாலு

இத்தனை செல்லும் இத்தனை பெயரும் எதற்கு? மண்ணில் விளையாடவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் அலர்ஜி வராது. அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம்.

அண்ணாநகர் வாத்தியார்

பாதி சரி தம்பி. 1989இல் ஸ்ட்ராக்கன் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 17,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்து, அண்ணன் அக்கா நிறைய உள்ள பிள்ளைகளுக்கு மகரந்த அலர்ஜி குறைவு என்று எழுதினார். அங்கிருந்து வந்ததுதான் இந்த மண் வாதம். ஆனால் பள்ளிக்கரணையில் குப்பை எரியும் புகையும் போகிப் புகையும் மண் ஆகிவிடாது. புகை அலர்ஜிப் பொருள் இல்லை, மூச்சுக்குழாய்ப் படலத்தைக் காயப்படுத்தி வழியைத் திறந்துவிடும் எரிச்சல் பொருள். ஏற்கெனவே இழைப்பு உள்ள பிள்ளையை மண்ணில் உருட்டினால் ஆஸ்துமா போய்விடும் என்று யாரும் காட்டியதில்லை.

நுண்ணோக்கி நந்தினி

வாத்தியாருக்கு ஒரு சேர்க்கை. "ஆபத்தில்லை" என்று முடித்துவைக்கும் செல்லுக்கு ஒழுங்குபடுத்தும் டி செல் என்று பெயர். 2025 மருத்துவ நோபல் பரிசு சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் கிடைத்தது இதற்காகத்தான். இந்தச் செல்லை உருவாக்கும் மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கடும் எக்சிமாவும் (தோல் அழற்சியும்) எக்கச்சக்க ஐஜிஈயும் இருக்கும். லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அலர்ஜி வர வாய்ப்புள்ள கைக்குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து கொடுத்தார்கள். ஐந்து வயதில் வேர்க்கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவு. வாய் வழியாகச் சீக்கிரம் அறிமுகமானால் உடம்பு சமாதானமாகப் போகப் பழகுகிறது. அலர்ஜிப் பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்குகிற, தூசிப் பூச்சிக்கான இம்யூனோதெரபியும் இந்தச் செல்களை வைத்துத்தான் வேலை செய்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வருஷம் பொறுமை வேண்டும்.

வேளச்சேரி அம்மா

அப்படியானால் அவனுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருப்பவை என்ன செய்கின்றன? செட்ரிசின், மான்டெலுகாஸ்ட், ஒரு இன்ஹேலர்.

ஸ்லைடு ராணி

செட்ரிசின், கொட்டிவிட்ட ஹிஸ்டமின் போய் உட்காராமல் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும், செல் வெடிப்பதைத் தடுக்காது. மான்டெலுகாஸ்ட் லூக்கோட்ரியீனுக்கு அதே வேலை. அதைச் சாப்பிடும்போது பிள்ளை தூக்கத்தில் அலறினாலோ, சுபாவம் மாறினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தால் அதுதான் மேலே உள்ள டிஎச்2, ஈஸ்னோபில் வரை அடக்குவது. உடனே சுகம் தெரியாததால் ஜனங்கள் முதலில் நிறுத்துவதும் அதைத்தான்.

வேளச்சேரி அம்மா

போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் எடுப்பார்களாம். மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். எல்லாவற்றையுமா?

நுண்ணோக்கி நந்தினி

இல்லை அக்கா, மறுபடி போன் பண்ணி ஒவ்வொரு மருந்தாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமாக நிறுத்தச் சொல்வது செட்ரிசின் மாதிரி ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகளை, ஐந்திலிருந்து ஏழு நாள் முன்னதாக. முன்கையில் ஒவ்வொரு சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள். கால் மணி, இருபது நிமிடத்தில், வெறும் உப்புநீர் குத்திய இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால் அந்தப் பொருளுக்கு ஐஜிஈ இருக்கிறது என்று கணக்கு. ஒரு சொட்டு ஹிஸ்டமினே வைப்பார்கள். மருந்தின் வேகம் உடம்பில் மிச்சமிருந்தால் அதுகூடத் தடிக்காது, டெஸ்ட் வீண். தடித்தால் மட்டும் அலர்ஜி என்று ஆகிவிடாது, சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். உதட்டு வீக்கத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். மான்டெலுகாஸ்ட் பொதுவாக டெஸ்டைக் கெடுக்காது.

ஸ்லைடு ராணி

இருமல் சிரப் ஏதாவது கொடுக்கிறீர்களா அக்கா? நிறைய சிரப்பில் குளோர்பெனிரமின் இருக்கும், அதுவும் ஹிஸ்டமின் தடுப்புதான். பாட்டிலோடு போய்க் காட்டிவிடுங்கள்.